வரிசை எங்கே நிற்கிறது? குரல் அழைப்பு உடையாமல் இருக்க ஒரு வழி

பேக்கப் ஓடத் தொடங்கினால் போதும், ஐ.பி. போனில் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்கும். ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தேன், பலனில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே காரணம் பிடிபட்டது: பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், என் ரூட்டரில் காத்திருக்கவே இல்லை. அதற்கு அடுத்திருந்த மோடமில் வரிசை கட்டி நின்றன. மோடமுக்குக் குரலும் ஒன்றுதான், பேக்கப்பும் ஒன்றுதான்.

அதனால் முதலில் வரிசையைக் கண்டுபிடியுங்கள். ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் பிங்கை ஓடவிட்டு, கூடவே பெரிய கோப்பு ஒன்றை அப்லோட் செய்யுங்கள். 20 மில்லி செகண்டில் இருந்த பிங் 800, 900 என்று ஏறினால் எங்கோ ஒரு பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) நிரம்பிக் கிடக்கிறது. 10 மெகாபிட் இணைப்பில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற 1.2 மில்லி செகண்ட் ஆகும். முன்னால் அப்படி 1000 பாக்கெட் நின்றால், கடைசியில் வந்த குரல் 1.2 செகண்ட் காத்திருக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரைப்படி, ஒருவழித் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால்தான் உரையாடல் இயல்பாக இருக்கும்.

சரி, இப்போது ஷேப்பிங், அதாவது அனுப்பும் வேகத்துக்கு நாமே வரம்பு கட்டுவது. அப்லோட் வேகத்தை வெவ்வேறு நேரங்களில் அளந்து, குறைந்தபட்சமாகக் கிடைத்ததில் 90 சதவீதத்தை ரூட்டரின் உச்சவரம்பாக வையுங்கள். 10 மெகாபிட் என்றால் 9. அந்த ஒரு மெகாபிட்டை விட மனசே வராது, விட்டுவிடுங்கள். அதன்பின் மோடமில் எதுவும் தேங்காது, வரிசை உங்கள் ரூட்டருக்கு வந்துவிடும். லினக்ஸ் ரூட்டரானால் வரிசையை நிர்வகிக்கும் கேக் (CAKE) அல்லது எஃப்.கியூ. கோடெல் (fq_codel) போடுங்கள், சின்ன இணைப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே போதும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்னொரு முறையான போலீசிங்கை இங்கே போட்டுவிடாதீர்கள். ஷேப்பிங் பாக்கெட்டைக் காக்க வைக்கும். போலீசிங் பொதுவாக வரம்பு மீறியதைத் தூக்கிப் போட்டுவிடும்.

அப்புறம்தான் முன்னுரிமை. ஒவ்வொரு அழைப்புக்கும் வழியெங்கும் இடம் முன்பதிவு செய்யும் இன்ட்செர்வ் முறை, இணையம் முழுக்கப் பரவவில்லை. லட்சக்கணக்கான முன்பதிவுகளை நடு ரூட்டர்கள் நினைவில் வைக்க வேண்டியிருந்ததே காரணம். 1998-இல் வந்த டிஃப்செர்வில் பாக்கெட்டே தன் வகையை 6 பிட்டில் சுமந்து செல்லும். குரலுக்கான எண் 46. குரல் வரிசைக்கும் ஒரு வரம்பு வையுங்கள்: குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் அழைப்பு ஒன்றுக்கு ஐ.பி. தலைப்போடு 80 கிலோபிட், பத்து அழைப்புக்கு 800. நான் ஒரு மெகாபிட் ஒதுக்கினேன். வீடியோவையும் இதில் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள். வீடியோ ஒரே மூச்சில் அந்த வரம்பைத் தின்றுவிட்டால் குரல் மறுபடி உடையும்.

முடித்ததும் அதே அப்லோட், அதே பிங். பிங் இன்னும் 100 மில்லி செகண்டைத் தாண்டினால் உச்சவரம்பை 5 சதவீதம் இறக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.