இடமாற்றக் கட்டளைக்கு எதிராக யாரிடம் மேன்முறையிடுவது?

இலங்கையில் அரச உத்தியோகத்தர் ஒருவருக்குப் பாதகமான இடமாற்றக் கடிதமோ ஒழுக்காற்றுக் கட்டளையோ கிடைத்தால், மேன்முறையீட்டை எழுதத் தொடங்குமுன் அது யாருடைய அதிகாரத்தின் கீழ் இடப்பட்டது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். கையொப்பத்தின் அருகே “அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கட்டளைப்படி” என்ற வரி உள்ளதா, அல்லது ஆணைக்குழு கையளித்த அதிகாரத்தைக் கொண்டு அமைச்சின் செயலாளரோ திணைக்களத் தலைவரோ ஒப்பமிட்டுள்ளாரா என்று பாருங்கள். இதைப் பாராமல் அமைச்சருக்கு மனு எழுதிக் காத்திருந்து காலக்கெடுவை இழப்பவர்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

அரசியலமைப்பின் 55ஆம் உறுப்புரைப்படி, கொள்கை வகுப்பதும் திணைக்களத் தலைவர்களை நியமிப்பதும் அமைச்சரவைக்குரியவை. ஏனைய உத்தியோகத்தர்களின் நியமனம், பதவியுயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று, பணிநீக்கம் ஆகியன ஒன்பது உறுப்பினர் கொண்ட அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குரியவை. சபாநாயகர் தலைமையிலான அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையின் பேரிலேயே சனாதிபதி அவ்வுறுப்பினர்களை நியமிக்க முடியும். 2001இல் வந்த இந்தப் பாதுகாப்பு 2010இலும் 2020இலும் பறிக்கப்பட்டு, 2015இலும் 2022இலும் மீட்கப்பட்டது. ஆணைக்குழுவின் சுயாதீனம் இதில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மாகாண சேவையினருக்கு மாகாண ஆணைக்குழு தனியாக உண்டு.

கையளிக்கப்பட்ட அதிகாரத்தின் கீழ் இட்ட கட்டளையாயின் ஆணைக்குழுவிடம் மேன்முறையிடுங்கள். ஆணைக்குழுவே இட்டதாயின், நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையை நாட வேண்டும். கட்டளையை மாற்றவும் இரத்துச் செய்யவும் அதற்கு அதிகாரமுண்டு. மேன்முறையீட்டைத் தமிழிலேயே எழுதலாம். கட்டளையின் திகதி, இலக்கம், மீறப்பட்ட தாபன விதிக்கோவைப் (அரச ஊழியருக்கான பொது விதிகளின் தொகுப்பு) பிரிவு அல்லது சேவைப் பிரமாணக் குறிப்பின் (குறித்த சேவைக்குரிய விதிகள்) வாசகம் ஆகியவற்றை முதற்பக்கத்திலேயே குறிப்பிட்டு, குடும்பக் கஷ்டங்களை அதற்குப் பின் வையுங்கள். திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பும் அதேவேளை, முற்பிரதியொன்றைப் பதிவுத்தபாலில் நேரடியாகவும் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் இணைத்துக்கொள்ளுங்கள்.

பாரபட்சம் காட்டப்பட்டதாகக் கருதினால், 126ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பு, புதுக்கடையிலுள்ள உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கிலெடுக்கப்படாது. ஆயினும் முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடைபெறுகிறது என்பதற்கான கடிதத்தையும் பெற்று வைத்திருக்க வேண்டும்.