தேவைக் கோட்பாடுகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதத் தேவைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன் ஆற்றலை முழுதாக வெளிப்படுத்தல் என்று கீழிருந்து மேலாக அடுக்கிய ஐந்து அடுக்குப் பிரமிடுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தக் கோட்பாட்டை முன்வைத்த உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் அந்தப் படமே இல்லை; பின்னாளில் மேலாண்மைத் துறையினர் வரைந்து பரப்பியது அது. படத்தின் வழியாகவே கோட்பாட்டை அறிந்தவர்கள், ஒரு படி முழுதும் நிறைவேறிய பிறகே அடுத்த படிக்கு ஏற முடியும் என்று கொள்கிறார்கள். மாஸ்லோ அப்படி எழுதவில்லை. பெரும்பாலோருக்கு எல்லாத் தேவைகளும் ஒரே காலத்தில் பகுதி நிறைவேறியும் பகுதி நிறைவேறாமலும் இருக்கும் என்றார். சராசரி மனிதரின் உடல் தேவைகள் 85 விழுக்காடும், பாதுகாப்பு 70 விழுக்காடும், அன்பு 50 விழுக்காடும் நிறைவேறியிருக்கலாம் என்று எடுத்துக்காட்டினார். அவை விளக்கத்துக்காகத் தாமே இட்ட எண்கள் என்று அவரே சொல்லியிருப்பதால், அவற்றை ஆய்வு முடிவாக மேற்கோள் காட்டுவது இன்னொரு தவறு.

இந்தப் படிக்கட்டுப் பார்வை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை என்பதே என் கவலை. பசியில் வாடுபவருக்கு முதலில் சோறு போதும், மதிப்பும் உறவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுவோருக்கு அது சாக்காகிவிடுகிறது. கொள்கைக்காக அனைத்தையும் இழக்கத் துணிந்தவர்களை மாஸ்லோவே இந்த வரிசைக்கு விதிவிலக்காகக் குறிப்பிட்டிருக்கிறார்.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கூடும் என்ற நம்பிக்கையையும் அப்படியே ஏற்கக் கூடாது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே விரும்பிப் படம் வரைந்துகொண்டிருந்த மழலைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் கழித்து, யாரும் வற்புறுத்தாத வேளையில் அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளிடம் இந்தச் சரிவு இல்லை. ஆகவே பரிசே கெடுதல் என்று முடிவு கட்டுவதும் பிழை. விருப்பத்தோடு செய்யும் வேலைக்கு முன்கூட்டியே விலை பேசுவதுதான் சிக்கல். தொடக்கத்திலேயே ஆர்வம் இல்லாத வேலைக்கு இந்த முடிவு பொருந்தாது.

வேலையில் அதிருப்தி தரும் காரணிகள் வேறு, நிறைவு தரும் காரணிகள் வேறு என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் முன்வைத்த இரு காரணிக் கோட்பாட்டை, ஊதியம் முக்கியமன்று என்பதாகச் சுருக்கிவிடுகிறார்கள். குறைவான ஊதியம் அதிருப்தியை வளர்க்கும், அதைச் சரிசெய்வதால் மட்டும் வேலையில் நிறைவு வந்துவிடாது என்பதே அவர் சொன்னது.

உளவியலாளர்கள் டெசி, ரையன் ஆகியோரின் சுயநிர்ணயக் கோட்பாடு தன்னாட்சி, திறன், உறவுப் பிணைப்பு ஆகிய மூன்றையும் அடிப்படை உளத் தேவைகளாகக் கொள்கிறது. இங்கே தன்னாட்சியைத் தனித்து வாழ்வதாகவோ யார் சொல்லையும் கேளாமையாகவோ புரிந்துகொள்வது பரவலான பிழை. மூத்தவர் சொன்ன வேலையையே ஒருவர் அதன் காரணத்தை உணர்ந்து மனமுவந்து செய்தால் அவரிடம் தன்னாட்சி இருக்கிறது; யாருக்கும் கட்டுப்படாதவர் போலத் தோன்றும் ஒருவர் குற்ற உணர்வுக்கு அஞ்சியே உழைத்துக்கொண்டிருந்தால் அவரிடம் அது இல்லை.