எஸ்எஸ்எச் கீ அமைப்பது எப்படி: கீ உருவாக்குவதில் தொடங்கி பாஸ்வேர்டை மூடுவது வரை

இணையத்தில் பொது ஐபி முகவரியோடு இருக்கும் ஏதாவது ஒரு லினக்ஸ் சர்வரின் லாகை, அதாவது நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் கோப்பை, திறந்து பாருங்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் காத்திருக்கும் வாயிலான 22-ஆம் போர்ட்டில் ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் ஸ்கிரிப்ட் செய்கிற வேலை. அதற்குத் தூக்கமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. பாஸ்வேர்டு கேட்கும் சர்வர் என்றால் இன்று இல்லாவிட்டாலும் என்றாவது சரியானது சிக்கும் என்பதுதான் அதன் கணக்கு.

இதற்கு மாற்றுதான் கீ வைத்து லாகின் செய்வது. பலர் இதில் பாதி வேலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கீயைச் சர்வரில் போட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக முடிகிறதென்று பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பாஸ்வேர்டு லாகின் திறந்தேதான் கிடக்கிறது. அந்த ஸ்கிரிப்டும் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் இந்தப் பதிவு பாஸ்வேர்டை மூடி, மூடியது உண்மைதானா என்று சோதிப்பது வரை போகிறது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாசிக்கும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். பெரிய எழுத்து என்று சொல்லாத இடத்தில் கட்டளைகள் எல்லாம் சிறிய எழுத்து. "பயனர்" என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயரையும், "சர்வர்" என்ற இடத்தில் சர்வரின் ஐபி முகவரி அல்லது டொமைன் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கீ என்பது ஒரு ஜோடி. பப்ளிக் கீ ஒன்று, பிரைவேட் கீ ஒன்று. பப்ளிக் கீயைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம், யார் பார்த்தாலும் கவலையில்லை. அதைத் திறக்கும் சாவி பிரைவேட் கீ. அது உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது.

பாஸ்வேர்டு லாகினில், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு மறைகுறியாக்கப்பட்ட இணைப்பு வழியே போனாலும், மறுமுனையில் சர்வரின் கையில் அப்படியே கிடைத்துவிடுகிறது. சர்வரை யாராவது கைப்பற்றியிருந்தால் பாஸ்வேர்டும் போயிற்று. கீ லாகினில் அப்படி எதுவும் போவதில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஓர் அடையாளம் உருவாகிறது. உங்கள் கணினி பிரைவேட் கீயால் அதன்மேல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. தன்னிடம் உள்ள பப்ளிக் கீயை வைத்துச் சர்வர் அதைச் சரிபார்க்கிறது. அந்தக் கையெழுத்தை யாராவது பிடித்து வைத்தாலும் அடுத்த இணைப்புக்கு அது செல்லாது.

படி 1: கீ ஜோடி உருவாக்குதல்

இது உங்கள் கணினியில் செய்ய வேண்டியது, சர்வரில் அல்ல. லினக்ஸ், மேக் இரண்டிலும் டெர்மினலைத் திறந்தால் போதும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையன்ட் (எஸ்எஸ்எச் இணைப்புக்கான மென்பொருள்) கூடவே வருகிறது. பவர்ஷெல்லில் இதே கட்டளை வேலை செய்யும்.

எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519 -சி "வீட்டு-லேப்டாப்"

இதில் "டி" என்பது டைப் (வகை) என்பதன் முதல் எழுத்து. "சி" மட்டும் பெரிய எழுத்து. அதன் பிறகு வருவது வெறும் குறிப்பு. எந்தக் கணினியின் கீ என்று பிற்பாடு அடையாளம் காண உதவும். தேதியையும் சேர்த்து எழுதுபவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

இடி25519 என்பது கீயின் வகை. அது எதற்கு, பழைய வகையான ஆர்எஸ்ஏ போதாதா என்று கேட்கலாம். 3072 பிட் ஆர்எஸ்ஏ இன்றும் பாதுகாப்பானதுதான். ஆனால் இடி25519 கீ சிறியது, வேகமானது, ஒரே வரியில் அடங்கிவிடும். 2014-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 முதலே இதற்கு ஆதரவு இருக்கிறது. மிகப் பழைய ரூட்டரோடு மல்லுக்கட்டும் நிலை வந்தால்தான் ஆர்எஸ்ஏ தேவைப்படும். வழக்கொழிந்த டிஎஸ்ஏ வகையை எங்காவது பழைய கையேட்டில் பார்த்தால் அந்தக் கையேட்டையே மூடிவிடுங்கள்.

எங்கே சேமிக்கட்டும் என்று கேட்கும். என்டர் தட்டினால் ஹோம் டைரக்டரிக்குள் .எஸ்எஸ்எச் என்ற மறைவான ஃபோல்டரில் போடும். அதே பெயரில் ஏற்கெனவே கீ இருந்தால் மேலெழுதவா என்று கேட்கும். அங்கே அவசரப்பட்டு "ஒய்" தட்டாதீர்கள். பழைய கீ அழிந்தால் அதை நம்பியிருந்த சர்வர்கள் எல்லாம் கைவிட்டுப் போகும்.

அடுத்து பாஸ்ஃப்ரேஸ், அதாவது கீ கோப்பையே பூட்டி வைக்கும் ரகசியச் சொல், கேட்கும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இதை வெறுமையாக விடச் சொல்லும் பதிவுகள் நிறைய இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாஸ்ஃப்ரேஸ் இல்லாத கீ கோப்பை நகலெடுத்தவர் அந்த நொடியிலேயே உங்கள் சர்வருக்குள் இருப்பார். பாஸ்ஃப்ரேஸ் இருந்தால், லேப்டாப் தொலைந்தாலும் கீயை மாற்ற உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் தட்டுவது தொல்லையாயிற்றே என்றால் அதற்கு ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆள் இல்லாமல் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு மட்டும் வெறுமையாக விடலாம். அதற்கும் தனியாக ஒரு கீ உருவாக்குங்கள்.

முடிந்ததும் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஐடி_இடி25519 என்பது பிரைவேட் கீ. அதே பெயரோடு .பப் என்று முடிவது பப்ளிக் கீ. வெளியே கொடுப்பது .பப் கோப்பை மட்டும்தான். மின்னஞ்சலிலோ சாட்டிலோ ஒட்டும் முன், அது எஸ்எஸ்எச்-இடி25519 என்று தொடங்கும் ஒற்றை வரிதானா என்று பாருங்கள். "பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ" என்று தலைப்பில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

படி 2: பப்ளிக் கீயைச் சர்வரில் சேர்த்தல்

எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி பயனர்@சர்வர்

சர்வரோடு இதுதான் முதல் இணைப்பு என்றால், ஒரு ஃபிங்கர்பிரின்டை (சர்வரின் கீயை அடையாளம் காட்டும் சிறிய எழுத்துக் கோவையை) காட்டி நம்பலாமா என்று கேட்கும். எல்லோரும் "யெஸ்" தட்டிவிட்டுப் போகும் இடம் இது. சர்வர் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், நிறுவனத்தின் இணையக் கன்சோலில் (பிரவுசர் வழியாகச் சர்வரைத் திறக்கும் பக்கத்தில்) நுழைந்து, /இடிசி/எஸ்எஸ்எச் ஃபோல்டரில் உள்ள ஹோஸ்ட் கீயின் (சர்வரின் சொந்தக் கீயின்) .பப் கோப்பு மேல் எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் ஓட்டினால் அதே ஃபிங்கர்பிரின்ட் வர வேண்டும். ஒரு நிமிட வேலை. அதன் பிறகு சர்வரின் பாஸ்வேர்டு கேட்கும். கீ போய்ச் சேர்ந்துவிடும்.

விண்டோஸில் இந்தக் கட்டளை இல்லை. .பப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த ஒரு வரியை முழுதாக நகலெடுங்கள். பாஸ்வேர்டு போட்டுச் சர்வருக்குள் நுழைந்து, ~/.எஸ்எஸ்எச் ஃபோல்டரில் ஆத்தரைஸ்டு_கீஸ் என்ற கோப்பை நானோ எடிட்டரில் திறந்து கடைசி வரியாக ஒட்டுங்கள். ஃபோல்டர் இல்லையென்றால் எம்கேடிர் கட்டளையால் உருவாக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் "ஆத்தரைஸ்டு" என்ற சொல்லின் நடுவில் வருவது எஸ் அல்ல, இசட். ஓர் எழுத்து தவறினாலும் சர்வர் அந்தப் பக்கமே பார்க்காது. ஒரு கீ ஒரு வரி என்பதும் முக்கியம். ஒட்டும்போது நடுவில் வரி உடைந்தால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும், லாகின் மட்டும் ஆகாது.

பிறகு சர்வரில் அனுமதிகள்:

சிஎச்மாட் 700 ~/.எஸ்எஸ்எச்
சிஎச்மாட் 600 ~/.எஸ்எஸ்எச்/ஆத்தரைஸ்டு_கீஸ்

படி 3: சோதித்துப் பார்த்தல்

முதல் டெர்மினலை மூட வேண்டாம். புதிதாக இன்னொன்றைத் திறந்து எஸ்எஸ்எச் பயனர்@சர்வர் என்று தட்டுங்கள். கேட்பது கீயின் பாஸ்ஃப்ரேஸாக இருந்தால் எல்லாம் சரி. அந்த வரியிலேயே கீ கோப்பின் பெயரும் தெரியும். பயனரின் பாஸ்வேர்டைக் கேட்டால் கீயைச் சர்வர் ஏற்கவில்லை என்று பொருள்.

ஏற்காததற்குப் பெரும்பாலும் காரணம் அனுமதிதான். .எஸ்எஸ்எச் ஃபோல்டரைச் சரிபார்ப்பவர்கள் ஹோம் டைரக்டரியை மறந்துவிடுவார்கள். குழுவில் உள்ளவர்களோ மற்றவர்களோ உங்கள் ஹோம் டைரக்டரியில் எழுத முடியும் என்றால், ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பையே வேறொருவர் மாற்றி வைக்கலாம் அல்லவா? அதனால் சர்வர் கீயை மறுத்துவிடும். உங்கள் பக்கம் காரணம் சொல்லாது. சர்வரின் லாகில் மட்டும் "ஆத்தென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி" என்று எழுதி வைக்கும். உபுண்டு, டெபியனில் ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச் என்று தட்டினால் அந்த வரி கிடைக்கும். ஹோம் டைரக்டரி மேல் சிஎச்மாட் ஜி-டபிள்யூ,ஓ-டபிள்யூ ஓட்டினால் தீர்ந்தது.

உங்கள் பக்கமிருந்து பார்க்க எஸ்எஸ்எச் -வி பயனர்@சர்வர். கொட்டுகிற வரிகளில் "ஆஃபரிங் பப்ளிக் கீ", "சர்வர் அக்செப்ட்ஸ் கீ" இரண்டை மட்டும் தேடுங்கள். முதலாவதே இல்லையென்றால் கீ உங்கள் கணினியிலேயே அகப்படவில்லை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் சிக்கல் சர்வர் பக்கம்.

படி 4: பாஸ்வேர்டை மூடுதல்

மேலே சொன்ன சோதனை தேறாமல் இங்கே வராதீர்கள். இன்னொன்று, சர்வர் நிறுவனம் கொடுத்த இணையக் கன்சோலில் நுழைய முடிகிறதா என்று முன்கூட்டியே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது சொதப்பினால் மிச்சமிருக்கும் வழி அதுதான்.

சர்வரில் /இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பைத் திறந்து "பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் நோ" என்று மாற்றச் சொல்வார்கள். மாற்றியும் பலருக்கு வேலை செய்யாது. அந்தக் கோப்பின் மேற்பகுதியிலேயே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற ஃபோல்டரில் உள்ள கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு வரி இருக்கும். ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் எஸ்எஸ்எச் சர்வர் முதலில் கண்டதைத்தான் எடுத்துக்கொள்ளும். பின்னால் வருவது மேலெழுதும் என்ற நம் வழக்கமான எண்ணத்துக்கு நேர் எதிர். கிளவுடில் எடுக்கும் உபுண்டுவில் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பு அந்த ஃபோல்டரில் இருந்துகொண்டு, பாஸ்வேர்டுக்கு "யெஸ்" சொல்லிக்கொண்டிருப்பது சகஜம். நீங்கள் கீழே எழுதிய "நோ" அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆகவே அந்த ஃபோல்டருக்குள் 00 என்று தொடங்கி .கான்ஃப் என்று முடியும் பெயரில் சொந்தமாக ஒரு கோப்பு உருவாக்குங்கள். பெயர் வரிசையில் அது முதலில் நிற்கும். உள்ளே இரண்டே வரி:

பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் நோ
கேபிடிஇன்டர்ஆக்டிவ்ஆத்தென்டிகேஷன் நோ

இரண்டாவது வரியை விட்டுவிட்டால் சில சர்வர்களில் பேம் என்ற லினக்ஸ் அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு வழியாகப் பாஸ்வேர்டு கேட்பது தொடரும். முன்பக்கம் பூட்டி, கொல்லைப்பக்கம் திறந்து வைத்த கதை.

சேமித்த பிறகு சூடோ எஸ்எஸ்எச்டி -டி. கடைசி "டி" டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து. எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், இல்லையென்றால் எதுவும் பேசாது. அதே கட்டளையைப் பெரிய எழுத்து "டி" போட்டு ஓட்டினால் நடைமுறைக்கு வரப்போகும் அமைப்புகள் முழுதும் பட்டியலாக வரும். பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன் என்ற வரியில் "நோ" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச்

ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் கடைசிச் சொல் எஸ்எஸ்எச்டி. ரீலோட் செய்வதால் திறந்திருக்கும் இணைப்பு அறுபடாது. பழைய டெர்மினலைத் திறந்தே வைக்கச் சொன்னது இதற்காகத்தான். இன்னொரு டெர்மினலிலிருந்து கீ வைத்து நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கீ இல்லாதவர்போல் போய்ப் பாருங்கள்:

எஸ்எஸ்எச் -ஓ பப்கீஆத்தென்டிகேஷன்=நோ பயனர்@சர்வர்

"பெர்மிஷன் டினைட்" என்று வந்து, அடைப்புக்குறிக்குள் பப்ளிக்கீ என்று மட்டும் இருக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் எங்கோ ஒரு "யெஸ்" ஒளிந்திருக்கிறது. மறுபடி அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

தினசரி வசதிக்கு

எஸ்எஸ்எச்-ஆட் என்று தட்டி ஒரு முறை பாஸ்ஃப்ரேஸ் கொடுத்தால், ஏஜென்ட் பூட்டுத் திறந்த கீயை நினைவில் வைத்துக்கொள்ளும். பெரும்பாலான லினக்ஸ் டெஸ்க்டாப்களிலும் மேக்கிலும் ஏஜென்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். முகவரியை ஒவ்வொரு முறையும் தட்டாமலிருக்க, உங்கள் கணினியின் ~/.எஸ்எஸ்எச்/கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட் என்று ஒரு செல்லப்பெயரும், கீழே ஹோஸ்ட்நேம், யூசர், ஐடென்டிட்டிஃபைல் ஆகிய மூன்றும் எழுதினால் போதும். நிறையக் கீ வைத்திருப்பவர்கள் "ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்" என்பதையும் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏஜென்ட் எல்லாக் கீயையும் ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் இயல்பாக அனுமதிப்பது 6 முயற்சிதான். சரியான கீயின் முறை வருமுன்பே வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது கணினி வாங்கினால் பிரைவேட் கீயைப் பென்டிரைவில் கொண்டுபோக வேண்டாம். அங்கே புதுக் கீ உருவாக்கி, அதன் பப்ளிக் கீயை ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் இன்னொரு வரியாகச் சேருங்கள். ஒரு லேப்டாப் தொலைந்தால் அதன் குறிப்பு உள்ள வரியை மட்டும் நீக்கலாம். மற்றக் கணினிகள் வழக்கம்போல் நுழையும். வரியை நீக்குவது புதிய லாகினைத்தான் தடுக்கும், அந்த லேப்டாப்பிலிருந்து ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை அல்ல. ஹூ கட்டளையில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்து, சந்தேகமான செஷனையும் கையோடு நிறுத்துங்கள்.