குறி பழக ஒரு ஏர் ரைஃபிள்: வேலூர்ப் பக்கத்தில் எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

டப்பா, கொட்டாங்குச்சி, காகித அட்டை வைத்துக் குறி பழக வேண்டும். விலை கைக்கு அடங்க வேண்டும். பத்து வருஷமாவது உழைக்க வேண்டும். வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பவருக்கு நேரான பதில் ஒன்றுதான்: .177 அளவு, அதாவது 4.5 மி.மீ. குழல் கொண்ட, நடுத்தர வேகமுள்ள, ஸ்பிரிங்கில் இயங்கும் மடக்குக் குழல் ஏர் ரைஃபிள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும், ட்ரிகரை இழுத்தால் விடுபட்டுக் காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும்.

"பாயிண்ட் டூ டூ கிடைக்குமா?" என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். அந்தப் பெயரில் இரண்டு சாமான் உண்டு. ஒன்று 5.5 மி.மீ. ஏர் ரைஃபிள். இன்னொன்று மருந்து நிரப்பிய தோட்டா போடும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கி. இரண்டுக்குமே லைசென்ஸ் வேண்டும். ஆயுத விதிகள் 2016-இன்படி, குழல் 4.5 மி.மீ.க்கு மிகாமலும் வாய்முனை ஆற்றல், அதாவது குழலை விட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றல், 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. அதை வாங்கவும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான். பஸ்ஸில், பைக்கில் கொண்டுபோகும்போது உறைக்குள் போட்டு, குண்டைத் தனிப் பையில் வையுங்கள்.

ரிம்ஃபயரின் பலம் என்ன என்று தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுப்பாடு ஏன் என்று புரியும். 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடையுள்ள சாதாரண .22 தோட்டா சுமார் 140 ஜூல் ஆற்றலோடு கிளம்பி, ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும். அதன் வெடிமருந்துத் தூண்டி, தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பில் அடித்தால்தான் வெடிக்கும். அதனால்தான் வெறுந்துப்பாக்கியை அழுத்திப் பழகும்போது பல மாடல்களில் ஊசி, குழலின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் போட்டுவிடுகிறது; அப்புறம் தோட்டா சரியாக உட்காராது. வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே இழுக்கவும் கூடாது. குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி 30 விநாடி காத்திருக்க வேண்டும். போட்டிக்காக இந்த வழியில் போக நினைப்பவர் முதலில் ரைஃபிள் கிளப் ஒன்றில் சேர்ந்து, பயிற்சிச் சான்று பெற்று, கலெக்டர் அலுவலகத்தில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். துப்பாக்கியை முதலில் பார்த்துவிட்டு லைசென்ஸை அப்புறம் யோசிக்கிற வேலை இது இல்லை.

சிறு வேட்டை பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். கௌதாரி, காடை, முயல், உடும்பு எதையும் சுடக்கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, கொல்வதை மட்டுமல்ல, காயப்படுத்துவதையும் துரத்திப் பிடிப்பதையும்கூட வேட்டை என்றே கணக்கிடுகிறது. தொல்லை தரும் பிராணிகள் என்று முன்பு தனி அட்டவணை ஒன்று இருந்தது; காகமும் எலியும் அதில் இருந்தன. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. ஜவ்வாது மலை, அமிர்தி பக்கம் காப்புக்காட்டுக்குள் ஏர் ரைஃபிளோடு காலை வைக்கவே வேண்டாம். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், 12 ஜூல் குண்டு ஒரு முயலை உடனே சாகடிக்காது. அது காயத்தோடு புதருக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். வேட்டையின் சுவாரஸ்யம் வேண்டுமென்றால் 8 மீட்டரில் ஒன்று, 15-இல் ஒன்று, 25-இல் ஒன்று என்று கொட்டாங்குச்சிகளைத் தென்னந்தோப்பில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கண்ணால் அளப்பது, மூச்சை அடக்குவது எல்லாம் அதிலேயே பழகிவிடும்.

வேகக் கணக்கு

பெட்டிமேல் "1000 அடி வேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் உடனே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண .177 ஈயக் குண்டு சுமார் 0.53 கிராம். எடையைக் கிலோவாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஜூல் வரும். விநாடிக்கு 220 மீட்டர் என்றால் 12.8 ஜூல். 270 மீட்டர் என்றால் 19.3. விநாடிக்கு 1000 அடி என்பது 305 மீட்டர்; அதே குண்டுக்கு 24.6 ஜூல் ஆகிவிடும். ஆக, அந்த விளம்பரம் உண்மையென்றால் துப்பாக்கி சட்ட எல்லையைத் தாண்டியது, இல்லையென்றால் 0.35 கிராம் உலோகக் கலவைக் குண்டில் அளந்தது. அந்த லேசான குண்டுகள் பத்து மீட்டரிலேயே ஒரே இடத்தில் விழாமல் சிதறும்.

நடைமுறையில் விநாடிக்கு 180 முதல் 230 மீட்டர்வரை போதும். ஸ்பிரிங் மெல்லியதாக இருக்கும். மடக்கக் கை வலிக்காது, உதை குறையும், ஸ்க்ரூ கழலாது, காற்று கசியாமல் அடைக்கும் வாஷர் நீடிக்கும். விலை குறைந்த துப்பாக்கியில் அதிக வேகம் என்றால், அந்தக் காசு குழலிலிருந்தும் ட்ரிகரிலிருந்தும் எடுத்து ஸ்பிரிங்கில் போட்ட காசு.

மற்ற வகைகள் உங்களுக்கு ஏன் வேண்டாம்? முன்கூட்டியே காற்றை அழுத்தி நிரப்பிவைக்கும் பி.சி.பி. துப்பாக்கியில் உதையே இல்லை, குறி அபாரம். ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடிக்கத் தனி பம்பு வேண்டும், பம்புக்கு ஈரம் உறிஞ்சி வேண்டும், ரப்பர் வளையங்கள் போய்க்கொண்டே இருக்கும். செலவு அத்தோடு நிற்காது. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் வகை நம் ஊருக்கு ஒத்தே வராது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வெயில் ஏற ஏறக் குப்பியின் அழுத்தமும் ஏறும். காலையில் சரிபார்த்த குறி மதியம் மேலே போகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தக் குப்பிகளை வைப்பதே ஆபத்து.

கடையில் கையில் எடுத்ததும்

குழலை மடக்குவதற்கு முன் ஒரு கையால் கட்டையையும் (துப்பாக்கியின் மரப்பகுதி) மறு கையால் குழல் முனையையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இணைப்பில் துளி ஆட்டம் தெரிந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மடக்கிச் சுடும் ஒவ்வொரு முறையும் குழல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் குறி நிற்கும். மற்ற எந்தக் குறையும் இதற்கு அப்புறம்தான்.

அடுத்து மடக்குங்கள். கடைசிவரை போனதும் "டக்" என்று கொக்கி விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். இங்கே கையை விட்டுவிடாதீர்கள். குழல் திறந்திருக்கும்போது ட்ரிகர் விடுபட்டால் குழல் மேல்நோக்கி அடித்து மூடும். விரல் நடுவில் இருந்தால் நசுங்கும், கட்டையும் பிளக்கும். குண்டு போடும்போது ஒரு கை எப்போதும் குழலை இறுக்கிப் பிடித்திருக்கட்டும். குண்டு இல்லாமல் சுட்டுக் காட்டச் சொல்லவும் வேண்டாம். முன்னால் காற்று மெத்தை இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் உலோகத்தில் மோதும். பிஸ்டன் வாஷரும் ஸ்பிரிங்கும் அப்படித்தான் கெடுகின்றன.

காற்றுக் கசிவைச் சோதிக்க டிஷ்யூ பேப்பர் ஒரு கீற்றுப் போதும். குண்டு போட்டு மூடி, குழல் இணைப்பின் மேல் கீற்றை வைத்துப் பாதுகாப்பான தடுப்பில் சுடச் சொல்லுங்கள். கீற்று பறந்தால் இணைப்பு வாஷர் கசிகிறது. புதுத் துப்பாக்கியில் அது கூடாது. பழையது என்றால் பயப்பட வேண்டாம். கீழே வழி இருக்கிறது.

கடைகளில் ப்ரெசிஹோல், நேஷனல் போன்ற இந்தியத் தயாரிப்புகளைப் பார்ப்பீர்கள். பெயரைவிட, வாஷரும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதல் துப்பாக்கிக்கு ஸ்கோப்பும் தேவையில்லை. ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னுக்கும் அடுத்த கணமே முன்னுக்கும் உதைக்கும். இதற்கென்று செய்யாத ஸ்கோப் சில நூறு சுட்டிலேயே உள்ளே உடைந்துபோகும். துப்பாக்கியிலேயே முன்னும் பின்னும் இருக்கும் இரும்புக் குறியில் பழகுங்கள். பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால் இரண்டாயிரத்தைக் குண்டுக்கும், குண்டைத் தாங்கும் தடுப்புக்கும், கண்ணைக் காக்கும் கண்ணாடிக்கும் எடுத்துவைத்துவிட்டுத்தான் துப்பாக்கி பாருங்கள்.

குண்டு, பிடி, குறி

இடுப்பு சுருங்கிய ஈயக் குண்டுதான் வேண்டும். இரும்பு உருண்டை, குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளைத் தேய்க்கும், கல்லில் பட்டால் முகத்துக்கே திரும்பி வரும். காகித இலக்குக்குத் தட்டைத் தலை, கொட்டாங்குச்சிக்கு உருண்டைத் தலை. எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. போன்ற வெளிநாட்டுக் குண்டுகள் விலை கூடுதல். அதனால் மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு சிறு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்து மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஐந்து துளையும் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் அந்தக் குண்டை மாற்ற வேண்டாம். டப்பாவைக் கீழே போட்டால் குண்டின் பாவாடை, அதாவது விரிந்த அடிப்பக்கம், நெளியும். நெளிந்ததைத் தனியே எடுத்துவிடுங்கள்.

புதுத் துப்பாக்கியில் முதல் ஓரிரு நூறு சுட்டில் புகையும் எண்ணெய் வாடையும் வரும். உள்ளிருக்கும் கிரீஸ் எரிகிறது. அதுவரை குறியைத் திருக வேண்டாம். அதன் பிறகும் "பட்" என்ற வெடிச் சத்தமும் புகையும் வந்தால், யாரோ தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அழுத்தச் சூட்டில் அந்த எண்ணெய் வெடித்து பிஸ்டன் வாஷரைக் கருக்கும்.

பிடிப்பதை இறுக்கக் கூடாது. முன்கட்டை திறந்த உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், தோளில் லேசாகத் தொடட்டும். குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே துப்பாக்கி ஆட ஆரம்பித்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட விட்டால் குண்டும் ஒரே இடத்தில் விழும். மேஜைமேல் நேராகக் குழலைச் சாய்த்துச் சுட்டால் துள்ளிக் குறி மேலே போகும்.

குறி திருத்தும் கணக்கு எளிது. பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 45 செ.மீ., பத்து மீட்டரில் குண்டு 3 செ.மீ. இடப்பக்கம் விழுகிறது என்றால் நகர்த்த வேண்டியது 3 × 45 ÷ 1000 = 0.135 செ.மீ., வலப்பக்கம். பத்து மீட்டரில் சரியாக வைத்த குறி, 220 மீட்டர் வேகத்தில் 25 மீட்டருக்கு ஏறக்குறைய 3 செ.மீ. தாழும். பழக்கத்துக்குப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் அட்டை வாங்குங்கள். அதன் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மி.மீ. ரைஃபிள் அட்டையின் பத்து வெறும் 0.5 மி.மீ. புள்ளி; போட்டித் துப்பாக்கிக்கு உரியது, புதியவர் மனம் சலித்துப்போகும்.

தடுப்பு

வேலூரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் கருங்கல் குன்று. அதைத் தடுப்பாக நினைக்காதீர்கள். பாறையில் பட்ட ஈயம் எந்தத் திசையிலும் சிதறும். மொட்டை மாடியும் வேண்டாம். தவறிய குண்டு 200 மீட்டரைத் தாண்டிப் போய் விழும்.

நம் ஊரில் இதற்குக் கை நீட்டினால் கிடைக்கிற பொருள் தோல் வெட்டுத்துண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் மூட்டையாகக் கிடைக்கும். ஓர் அடி ஆழ மரப்பெட்டியில் துண்டுகளைப் படுக்கையாக அடுக்கி, காலால் மிதித்து இறுக்கி நிரப்புங்கள். முன்பக்கம் சாக்கு, அதன்மேல் அட்டை; பின்பக்கம் கெட்டிப் பலகை. ஐம்பது குண்டு சுட்டபின் பின்பலகையைத் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் இன்னும் இறுக்க வேண்டும். ஒரே இடத்தில் சுட்டுச் சுட்டுக் குழி விழும், அதனால் மாதம் ஒருமுறை துண்டுகளைக் கலைத்து அடுக்குங்கள். பெட்டிக்குப் பின்னால் மண்மேடோ ஜன்னலில்லாத சுவரோ இருக்கட்டும். சுடுபவரும் பார்ப்பவரும் கண்ணாடி போட வேண்டும். பிள்ளைகள் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கட்டும். குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு, அது ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள்.

கசியும் வாஷர்

திருவிழா பலூன் கடைத் துப்பாக்கிகள் ஆண்டுக்கணக்கில் ஓடுவது தோல் வாஷரால்தான். குழல் இணைப்பில் இருக்கும் வாஷரை நீங்களும் தோலில் வெட்டிக்கொள்ளலாம். குழலை மடக்கிப் பிடித்து, பழைய வாஷரை ஊசியால் நெம்பி எடுங்கள். குழியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஷூ மேல்தோல் உதவாது. குரோம் பதத்தில் வந்தது, பஞ்சுபோல் அமுங்கும். செருப்பு தைப்பவரிடம் பட்டைப் பதம் போட்ட 3 மி.மீ. அடித்தோல் ஒரு துண்டு கேளுங்கள். முதலில் 6 மி.மீ. துளை போட்டு, பிறகு வெளிவட்டத்தை வெட்டுங்கள். வரிசை மாறினால் துளை நடுவில் விழாது. உள்ளே அழுத்தி உட்காரவைத்ததும் குழல் முகத்துக்கு மேல் அரை மில்லிமீட்டர் நிற்க வேண்டும். தாழ்வாக இருந்தால் அடியில் காகித வளையம் ஒன்று வையுங்கள். கூடுதலாக நின்றால் உப்புத்தாளில் தேயுங்கள். அப்படியே விட்டால் குழல் முழுதாக மூடாது. சிலிக்கான் எண்ணெய் ஒரே சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் டிஷ்யூ கீற்றை வைத்துப் பாருங்கள்.

மற்றபடி பராமரிப்பு கொஞ்சம்தான். 200 சுட்டுக்கு ஒருமுறை கட்டையின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். திடீரென்று குறி கலைந்தால் பத்தில் எட்டு முறை காரணம் அதுதான். மடக்கியபடி மணிக்கணக்கில் வைக்காதீர்கள், ஸ்பிரிங் தளரும். மழைக்காலத்தில் உறைக்குள்ளேயே கிடந்தால் குழலின் வெளிப்புறம் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, உறை இல்லாமல், பூட்டிய பீரோவில் நிறுத்திவையுங்கள். சாவி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.