புனித பெனடிக்டின் ஒழுங்கை வீட்டில் தொடங்குவது எப்படி? முதல் 30 நாள்

நம் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்ட், 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் எழுதிய துறவற ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உண்டு. கடைசி அதிகாரத்தில் அவரே இதைத் தொடக்கநிலையினருக்கான சிறிய ஒழுங்கு என்கிறார். குடும்பமும் வேலையுமாக இருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை.

நூலின் முதல் சொல் ‘கேள்’. தாழ்ச்சி 7-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘நாளையிலிருந்து தாழ்ச்சியாக இருப்பேன்’ என்று தீர்மானித்துவிட்டு, நாள் முழுக்கத் தங்களையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அது பலிக்காது. காதிலிருந்து தொடங்குங்கள்.

தேவையானவை: ஒரு திருவிவிலியம், ஒரு நாற்காலி, நாளுக்கு அரை மணி நேரம்.

1. இடத்தையும் நேரத்தையும் கட்டிப்போடுங்கள்

பெனடிக்ட் நால்வகைத் துறவிகளைச் சொல்கிறார். அவர்களில் அவர் மிகவும் கடிந்துகொள்வது, மடத்துக்கு மடம் மூன்று நான்கு நாள் தங்கி அலைந்துகொண்டே இருப்பவர்களை. அவருடைய துறவிகள் கொடுக்கும் வார்த்தைப்பாட்டில் (துறவற உறுதிமொழியில்) ‘நிலைத்திருத்தல்’ இருப்பது இதனால்தான்: ஒரே குழுமத்தோடு, அதே மனிதர்களோடு, சாகும்வரை.

உங்களுக்கு: ஒரே நாற்காலி, ஒரே வேளை, ஒரே நற்செய்தி, ஒரே பங்கு ஆலயம். மாற்கு நற்செய்தி சிறியது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரம் சலிப்புத் தட்டும்; ‘லூக்கா நன்றாக இருக்குமோ, வேறு ஜெப முறை பார்க்கலாமோ’ என்று மனம் தாவும். முறை தவறு என்பதால் வருவதல்ல அந்தச் சலிப்பு. புதுமை தீர்ந்துபோனதால் வருவது. 30 நாளுக்குள் எதையும் மாற்றாதீர்கள்.

2. காலையில் 20 நிமிட வாசிப்பு

இதற்கு லெக்சியோ திவினா, அதாவது இறைவார்த்தை வாசிப்பு என்று பெயர். மடத்தில் இதற்குத் தினமும் மணிக்கணக்கில் நேரம் உண்டு. நமக்கு 20 நிமிடம் போதும்.

எட்டு முதல் பத்து வசனங்களை, உங்கள் காதில் விழும்படி வாய்விட்டு, மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள் (5 நிமிடம்). மனதைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி அசைபோடுங்கள் (7 நிமிடம்). அதைப் பற்றி ஆண்டவரிடம் பேசுங்கள் (5 நிமிடம்). கடைசி 3 நிமிடம் சும்மா இருங்கள். இந்த நான்கு கட்டப் பிரிவு பெனடிக்டுடையதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கர்த்தூசியத் துறவி எழுதிவைத்தது. தொடங்குபவர்களுக்கு நல்ல கைப்பிடி.

இங்கே நடக்கும் பெரிய தவறு, விளக்கவுரையைத் திறப்பது. திறந்த உடனே கேட்பது நின்று படிப்பு தொடங்கிவிடும். படிப்பு நல்லதுதான், அதற்கு வேறு நேரம் வையுங்கள். எந்தச் சொல்லும் தொடவில்லையா? முதல் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இரவில் வாய்க்குப் பூட்டு

பெனடிக்டின் இரவுச் செபத்தில் தினமும் அதே மூன்று திருப்பாடல்கள்: 4, 91, 134. கடைசியது மூன்றே வசனம், அதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பிறகு மடத்தில் யாரும் பேசுவதில்லை. விருந்தினர் வந்தாலோ மடத்துத் தலைவர் ஏதாவது கட்டளையிட்டாலோ மட்டும் விலக்கு. உங்கள் வீட்டில் செபம் முடிந்ததும் கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். குழந்தை அழுதால், முதியவர் கூப்பிட்டால் தாராளமாகப் பேசுங்கள். மௌனம் அன்பை மிஞ்சியதல்ல.

4. மனிதர்களைக் கேட்பது

மணி அடித்ததும் துறவி கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்குப் போக வேண்டும். வாயிற்காப்பவர், யாராவது தட்டிய உடனே ‘இறைவனுக்கு நன்றி’ என்று குரல் கொடுக்க வேண்டும். இதிலிருந்து ஒரு பயிற்சி: நாளுக்கு ஒருமுறை, வீட்டில் யாராவது கூப்பிட்டதும் ‘இதோ, இதை முடித்துவிட்டு’ என்று சொல்லாமல் எழுந்து போங்கள். ஒரே ஒருமுறை போதும். எவ்வளவு கடினம் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும்.

முக்கியமான முடிவென்றால் எல்லாரையும் கூட்டிக் கேள் என்கிறது 3-ஆம் அதிகாரம். நல்லதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது காரணம். வீட்டில் கடைக்குட்டியை முதலில் பேசவிடுங்கள். குறுக்கிடாதீர்கள்.

5. தாழ்ச்சி, மூன்றாம் வாரத்திலிருந்து

7-ஆம் அதிகாரத்தில் தாழ்ச்சிக்கு 12 படிகள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். 11-ஆவது படியே போதும்: மென்மையாக, சில சொற்களில், குரல் உயர்த்தாமல் பேசுவது. அதோடு 46-ஆம் அதிகாரத்தின் பழக்கத்தைச் சேருங்கள்: எதையாவது உடைத்தால், தொலைத்தால், யாரும் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்வது. காரணம் சேர்க்காமல் ‘நான்தான் உடைத்தேன்’ என்று மட்டும்.

4-ஆவது படி பற்றி ஒரு எச்சரிக்கை. அநியாயத்தையும் மௌனமாகப் பொறுத்துக்கொள்வதைப் பற்றியது அது. அடிக்கும் கணவனிடமும் சுரண்டும் முதலாளியிடமும் வாய்மூடி இருக்க யாராவது இதை மேற்கோள் காட்டினால் ஏற்காதீர்கள். தாமாக விரும்பி மடத்தில் சேர்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட படி அது. அதே நூலின் 68-ஆம் அதிகாரம், தாங்க முடியாத சுமை வந்தால் அதைத் தலைவரிடம் தக்க நேரத்தில் எடுத்துச் சொல்லச் சொல்கிறது. சொல்வது தாழ்ச்சிக்கு எதிரானதல்ல. பெனடிக்ட் மறுபடி மறுபடி கண்டிப்பது முணுமுணுப்பை: சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் புலம்புவதை.

தவறிய நாட்கள்

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டாதீர்கள். விட்ட பகுதியை விட்டுவிட்டு, அன்றைக்குரியதை மட்டும் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் பெரும்பாலும் நேரம்தான் பொருந்தவில்லை. அப்போது மட்டும், ஒரே ஒருமுறை, நேரத்தை மாற்றலாம்.

30 நாள் முடிந்ததும் எதையும் கூட்டாதீர்கள். புதிதாகச் சேர்பவருக்கு பெனடிக்ட் ஒழுங்குநூலை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்வது 2 மாதம் கழித்து. பிறகு 6 மாதம் கழித்து. பிறகு 4 மாதம் கழித்து. அந்த ஓர் ஆண்டுக்குப் பிறகுதான் வார்த்தைப்பாடு. இதே அளவில் இன்னொரு மாதம் போங்கள். நடுவில் இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமம் பெனடிக்ட் மரபின் கமல்தோலி கிளையைச் சேர்ந்தது. முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போய், அங்குள்ளவர்கள் செபிப்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.