கோட் எழுதும் முன் விடையை எழுதுங்கள்: கரண்ட் பில்லை வைத்து ஒரு பயிற்சி

புரோகிராமிங்கை முதல்முறை படிக்கிறவர்கள், கம்பஸாக இருக்கட்டும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) ஆக இருக்கட்டும், வெள்ளவத்தையில் மாலை வகுப்பாக இருக்கட்டும், கேள்வியைப் பாதி வாசித்ததுமே கீபோர்டில் கை வைத்துவிடுகிறார்கள். பத்து வரிக் கணக்கு எப்படி எழுதினாலும் ஓடிவிடும், அதனாலேயே அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் முந்நூறு வரி அசைன்மென்ட் வந்ததும் பிழை எங்கே என்று தேடியே இரவு போய்விடும். ஒழுங்கைச் சின்னக் கணக்கிலேயே பழக வேண்டும். வீட்டு கரண்ட் பில்லை எடுத்து, பைதன் என்ற புரோகிராமிங் மொழியில் செய்து பார்ப்போம்.

படி 1: கொப்பியில் ஒரு வசனம்

"ஒரு மாதம் பாவித்த யூனிட்டைக் கொடுத்தால், கட்டணத்தை ரூபாயில் திருப்பித் தரும்." இவ்வளவுதான். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்பது இதிலேயே இருக்கிறது. இந்த வசனம் வரவில்லை என்றால் கேள்வி இன்னும் புரியவில்லை, திரும்ப வாசியுங்கள்.

படி 2: விடைகளைக் கையால் கணக்கிடுங்கள்

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. நம் நாட்டில் வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டுக்குள் என்றால் முதல் 30க்கு ஒரு விலை, அடுத்த 30க்கு இன்னொரு விலை. 60ஐத் தாண்டினாலோ, அந்த முதல் 60க்குமே வேறு, கூடிய விலை. உண்மையான விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் பயிற்சிக்கு நானே சில விலைகளை வைக்கிறேன்: 60க்குள் என்றால் 5 ரூபாய், 10 ரூபாய், தாண்டினால் முதல் 60க்கு 15, அடுத்த 30க்கு 20. மாதாந்த நிலையான கட்டணத்தை விட்டுவிடுவோம்.

0 யூனிட்: 0
30 யூனிட்: 150
31 யூனிட்: 160
60 யூனிட்: 450
61 யூனிட்: 920

கடைசி இரண்டையும் பாருங்கள். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 450 எப்படி 920 ஆனது? கையால் கணக்கிடாமல் நேரே கோட் எழுதுகிறவர் 450உடன் 20ஐக் கூட்டி 470 என்று எழுதிவிடுவார், புரோகிராமும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். பிழைகள் பெரும்பாலும் இப்படி எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும், ஆகவே 45, 50 போன்ற நடுவிலுள்ள எண்களை விட 30, 31, 60, 61 ஆகியவற்றையே முதலில் எழுதுங்கள்.

படி 3: வெறும் கூடு, அதற்குக் கீழே டெஸ்ட்

ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும் கோட் துண்டுதான் ஃபங்ஷன். பைதன் 3இல் அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், இதற்கு 'கட்டணம்' என்று வையுங்கள். உள்ளே இப்போதைக்கு 0ஐ மட்டும் ரிட்டர்ன் பண்ணுங்கள். கீழே ஒவ்வொரு விடைக்கும் ஒரு அசேர்ட் (assert) வரி, அதாவது விடை சரியா என்று பார்த்து, பிழை என்றால் புரோகிராமை நிறுத்தும் டெஸ்ட்: கட்டணம்(30) == 150 என்பது போல. ஓட்டினால் 0 தேறும், 30இல் நின்றுவிடும். சரி, அப்படித்தான் நிற்க வேண்டும்.

ஃபங்ஷனுக்குள் விடையை பிரின்ட் பண்ணிவிட்டு விடாதீர்கள். திரையில் 150 தெரியும், ஆனால் ரிட்டர்ன் இல்லாததால் திரும்பி வருவது 'நன்' (None, அதாவது ஒன்றுமில்லை), டெஸ்ட் தேறாது.

படி 4: ஒவ்வொரு கிளையாக

30 வரைக்குமான இஃப் (if, நிபந்தனை) பகுதியை மட்டும் எழுதி ஓட்டுங்கள், அது இப்போது 31இல் போய் நிற்கும். பிறகு 60 வரை, பிறகு அதற்கு மேல். எரர் வந்தால் பதறி நாலு இடத்தில் மாற்ற வேண்டாம்: பைதனின் எரர் செய்தியில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன பிழை என்று அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. ஒன்றை மட்டும் மாற்றி, திரும்ப ஓட்டுங்கள்.

படி 5: எண்களுக்குப் பெயர்

எல்லா டெஸ்டும் தேறியதும் 5, 10, 15, 20 ஆகியவற்றை மேலே கொண்டுபோய்ப் பெயர் வைத்து எழுதுங்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நாளைக்குப் புதிய கட்டணத்தை அனுமதித்தால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். மாற்றியதும் டெஸ்டை மறுபடி ஓட்டுங்கள், தேறினால் கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ஒரு கமிட், அதாவது குறிப்போடு ஒரு பதிவு. 'மாற்றம் 2' என்றெல்லாம் குறிப்பு எழுதாமல், 'விலைகளுக்குப் பெயர் வைத்தது' என்று எழுதுங்கள்.

இனி உங்கள் முறை. உண்மையான பில்லில் 90, 120, 180இலும் எல்லைகள் உண்டு. உங்கள் வீட்டு பில்லிலுள்ள விலைகளை எடுத்து 90, 91, 120, 121, 180, 181க்கான விடைகளைக் கொப்பியில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறவுங்கள்.