எல்எஸ்டி காருக்குக் கிரவுன் ஆயில்: "90 நம்பர் குடுங்க" என்று கேட்பதற்கு முன்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் எந்த ஆயில் கடை வாசலில் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும்: "அண்ணா, கிரவுனுக்கு 90 நம்பர் ஒரு லிட்டர் குடுங்க." கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் எடுத்து வைப்பார். கிரவுன் என்று இவர்கள் சொல்வது இன்ஜின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை, சுருக்கமாக டிஃப். 90 என்பது அதில் ஊற்றும் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை எண். டெம்போவுக்கும் சரக்கு வண்டிக்கும் அது போதும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், அதாவது எல்எஸ்டி வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதையே சொல்லி வாங்குகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த பிராண்ட் நல்லது என்று அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை எல்எஸ்டி என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. ஆயில் விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இதுதான் வேர்.

மஸ்டாங்கில் வரும் ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் கிளட்ச் பிளேட் வகை. டார்சன், க்வைஃப் போன்றவை முழுக்கப் பல்சக்கரங்களாலேயே வேலை செய்பவை. ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் மாதிரி முன்சக்கர வண்டிகளில் வெளியே வாங்கிப் பொருத்துவது பெரும்பாலும் இந்த வகைதான். நிசான் 370இசட்டில் இருப்பது விஸ்கஸ் வகை, கெட்டியான திரவத்தால் பிடிப்பது. அதன் சிலிக்கோன் திரவம் மூடிய கூட்டுக்குள் இருப்பதால், நீங்கள் ஊற்றும் ஆயிலுக்கும் அதன் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020இல் 200 வண்டிகள் மட்டும் இந்தியாவுக்கு வந்தது. அதில் கம்ப்யூட்டர் இயக்கும் கிளட்ச் இருக்கிறது, அதற்கு ஆயிலே தனி. போலோ ஜிடிஐயின் எக்ஸ்டிஎஸ் வேறு கதை. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்குவதுதான் அதன் வேலை, உள்ளே இருப்பது சாதாரண டிஃப். அதற்கு எல்எஸ்டி ஆயில் வாங்குவது காசுக்குக் கேடு.

மேனுவல் கைவசம் இல்லையென்றால் கராஜில் ஒரு சோதனை செய்வார்கள். பின்சக்கரம் இழுக்கும் வண்டியென்றால் இரண்டு பின்சக்கரங்களையும் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஒன்றைக் கையால் சுற்றுவார்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் பெரும்பாலும் கிளட்ச் வகை. எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃப் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. டார்சனும் இந்தச் சோதனையில் அப்படித்தான் சுற்றும்.

அந்தச் சின்ன பாட்டில்

கிளட்ச் வகையில் ஒரே ஆயிலுக்கு இரண்டு முரண்பட்ட வேலைகள். டிஃபுக்குள் கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி கடும் அழுத்தத்தில் ஓடுகின்றன. இரும்பும் இரும்பும் உரசாமல் காக்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த அடிட்டிவ் வேண்டும். டின்னைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாடை அந்தக் கந்தகத்தினுடையதுதான். அதே ஆயிலில் நனைந்துகொண்டு, பக்கத்திலேயே கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும், திருப்பத்தில் மெல்ல நழுவவும் வேண்டும்.

வெறும் ஆயிலில் அவை மெல்ல நழுவாது. துருப்பிடித்த கேட்டைத் தள்ளினால் எப்படிப் பிடித்துப் பிடித்து நகருமோ, அப்படித்தான் நழுவும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் தூணைச் சுற்றி வரும்போது பின்னால் 'கடகட'வென்று அதிர்கிறதா? பெரும்பாலும் காரணம் இதுதான். இதைத் தணிக்கத்தான் அந்தச் சின்ன பாட்டிலில் வரும் ஃபிரிக்‌ஷன் மாடிஃபயர். பிளேட்டுகள் நின்ற நிலையிலிருந்து நழுவத் தொடங்கும்போது இருக்கும் பிடிப்பைக் குறைத்து, ஓட்டத்தில் இருக்கும் பிடிப்போடு சமப்படுத்துகிறது.

இதில் மூன்று விதமாகத் தவறு செய்கிறார்கள். ஊற்றவே மறப்பது ஒன்று. லேபிளில் 'எல்எஸ்' என்றோ 'லிமிடெட் ஸ்லிப்' என்றோ போட்ட, ஏற்கெனவே மாடிஃபயர் கலந்த ஆயிலுக்கு மேல் இன்னொரு பாட்டிலையும் கவிழ்ப்பது இரண்டாவது. சத்தம் நின்றுவிடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். அப்புறம் நந்தி மலை ஹேர்பின்னில் உள்பக்கச் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும். பிளேட்டுகள் பிடிக்க வேண்டிய இடத்திலும் நழுவுவதால், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய எல்எஸ்டி சாதாரண டிஃபாகிவிட்டது என்று அர்த்தம். மூன்றாவது, டார்சன், க்வைஃப் வகைக்கும் ஊற்றுவது. பற்களும் வாஷர்களும் உரசும் உராய்வில்தான் அவை டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, பிரித்துக் கொடுக்கின்றன. அந்த உராய்வையே குறைத்துவிட்டு "எல்எஸ்டி வேலை செய்யலை" என்றால் என்ன செய்வது? க்வைஃப் நிறுவனமே கியர்பாக்ஸுக்குச் சொன்ன ஆயில் போதும் என்கிறது.

மாடிஃபயர் தனியாகச் சேர்க்க வேண்டிய வண்டியில் நான் சொல்லும் வழி இது: முதலில் பாதி அளவு. ஆயிலை மாற்றியதும் காலியான மைதானத்தில் எட்டுப் போட்டு மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்டுங்கள். லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான். புது ஆயில் பிளேட் இடுக்குகளுக்குள் போய்ச் சேர இது தேவை. பிறகும் அதிர்ந்தால் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். சேர்ப்பது சுலபம், கூடிப்போனதை எடுக்க மொத்த ஆயிலையும்தான் இறக்க வேண்டும். கம்பெனி இத்தனை மில்லி என்று திட்டமாகச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான், என் கணக்கு வேண்டாம்.

"ஜிஎல்-5 தான் சார் பெஸ்ட்"

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள், 5இல் அழுத்தம் தாங்கும் அந்தக் கந்தக அடிட்டிவ் அதிகம். பின்னால் தனி ஹவுசிங்கில் இருக்கும் கிரவுனுக்கு ஜிஎல்-5 சரிதான். முன்சக்கர வண்டிகளில் டிஃப் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது, போர்ஷே 911இன் மேனுவல் கியர்பாக்ஸிலும் இரண்டுக்கும் ஒரே ஆயில். எண் பெரிதாக இருப்பதால் ஜிஎல்-4ஐ விட எல்லா இடத்திலும் மேல் என்று நினைத்து இவற்றில் ஊற்றினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அந்த அடிட்டிவ் அரிக்கக்கூடும். வளையம் சரியாகப் பிடிக்காமல் கியர் விழும்போது கரகரக்கவும் செய்யும். இப்படிக் கூட்டுக்குடித்தனம் நடத்தும் பெட்டியில் எல்எஸ்டி என்ன கேட்கிறது என்பதைவிட சிங்க்ரோ என்ன தாங்கும் என்பதுதான் முதலில். இரண்டுக்கும் ஒத்துப்போகும் ஆயிலைத்தான் கம்பெனி குறித்திருக்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு 140 போடுங்க" என்பது அடுத்த அறிவுரை. பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் ஊர். இங்கே அடிக்கும் வெயிலுக்கும் கிரவுனுக்குள் ஏறும் சூட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. அந்தச் சூடு பற்களும் பிளேட்டுகளும் உரசி வருவது. தேவையில்லாமல் கெட்டியான ஆயிலைக் கடைவதிலேயே இன்னும் சூடு ஏறும். 100 டிகிரியில் 90 நம்பர் ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், 140 என்றால் 24இலிருந்து 32.5. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 75டபிள்யூ-140 சொல்லியிருக்கும் வண்டிகளும் உண்டு, அவற்றில் 90ஐ ஊற்றுவதும் தவறுதான். இன்னொன்று, இந்த எண்களை இன்ஜின் ஆயில் எண்களோடு ஒப்பிட வேண்டாம், அளவுகோலே வேறு. கியர் ஆயிலின் 90 பார்க்கப் பெரிய எண். பாகுத்தன்மையில் அது இன்ஜின் ஆயிலின் 40, 50 பக்கம்தான் நிற்கும்.

75டபிள்யூ, 80டபிள்யூ என்ற முன்பாதி உறைகுளிரில் ஆயில் ஓடுமா என்பதற்கான குறி. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரிக்கான சோதனை. டிசம்பர் விடியற்காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் ஊருக்கு அந்தக் கவலை கிடையாது. ஆனாலும் அந்த கிரேடு ஆயில்கள் பெரும்பாலும் சிந்தெடிக், சூட்டில் சீக்கிரம் கெடாது. அதற்காக வாங்கலாம்.

கராஜில் கவனிக்க வேண்டியது

ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன், ஊற்றும் ஃபில்லர் போல்ட் கழன்று வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயிலை எல்லாம் இறக்கிவிட்டு, மேலே இருக்கும் போல்ட் இறுகிப்போய் அசையாமல் நின்றால் வண்டி லிஃப்ட்டிலேயே கிடக்கும். கழற்றிய போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துண்டு கிடைத்தால் புது ஆயிலை ஊற்றுவதற்கு முன் டிஃபைத் திறந்து பார்க்க வேண்டும். கிளட்ச் வகையில் பிளேட் தூளும் ஆயிலிலேயே கலப்பதால் அது சீக்கிரம் கறுக்கும். கோயம்புத்தூர் கரி டிராக்குக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ அடிக்கடி போகிறவர்கள் 'லைஃப்டைம் ஆயில்' என்ற வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஆயில் பாலும் டிகாக்‌ஷனும் கலந்த நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மூழ்கியது நினைவிருக்கும். சூடாக இருக்கும் ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி ஓட்டிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

வண்டி சமதளத்தில் நிற்க, ஃபில்லர் துளையின் அடிவிளிம்பு வரை நிரப்புவதுதான் பெரும்பாலான வண்டிகளில் அளவு. சிலவற்றில் அதற்கு ஒரு சில மில்லிமீட்டர் கீழே என்று மேனுவலில் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து அளவு பார்த்தால் கணக்கு தப்பும். வேலை முடிந்ததும் எந்த ஆயில், மாடிஃபயர் எத்தனை மில்லி என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை வேறு மெக்கானிக் தொட்டாலும் இன்னொரு பாட்டிலைக் கவிழ்க்க மாட்டார்.